பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது, முப்பது வயதான யப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா லெவின், செலிக்கா, எம்ஆர்2, ஹொண்டா சிஆர்-எக்ஸ், சிவிக் என்று பட்டியல் போகும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருக்கும் காரைத் திருத்தித் திருத்தி ஓட்டத்தான் எல்லாரும் பழகிக்கொண்டோம். என்ஜினை நன்றாகப் பார்ப்பார்கள், பெயின்ற் அடிப்பார்கள், சீற்றுக்குப் புது உறை தைப்பார்கள். காருக்குக் கீழே, சில்லையும் உடலையும் இணைக்கும் சஸ்பென்ஷனில் மட்டும் தொழிற்சாலையில் பூட்டிய அதே றப்பர் இன்னும் கிடக்கும்.

அப்படி ஒரு காரைப் புதிதாக வாங்கிய தம்பிமார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணன், ஸ்பிரிங்க வெட்டி இறக்கினா வளைவில நல்லா நிக்கும்தானே?"

நிற்காது. அந்தக் கார் வளைவில் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் மென்மையாக இருப்பது இல்லை. தேய்ந்த பாகங்கள் சில்லைத் தன்னிஷ்டத்துக்கு அசைய விடுகின்றன. அதைச் சரிசெய்யாமல் இறுக்கமான ஸ்பிரிங் போட்டால், தளர்ந்த மூட்டுகளின் மேல் இன்னும் பலமான அடி விழும். சஸ்பென்ஷனை மேம்படுத்த நினைப்பவர் முதலில் காரை அது தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். ஏன் என்று விளங்க, உள்ளே எது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எது என்ன வேலை செய்கிறது

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமப்பது 250 கிலோ என்றும், அந்தச் சில்லு இருக்கும் இடத்தில் அளந்தால் ஒரு மில்லிமீற்றர் அமுக்க 2 கிலோ பாரம் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். கார் சும்மா நிற்கும்போதே அந்த மூலை 125 மில்லிமீற்றர் அமுங்கித்தான் நிற்கிறது. அதைத் தட்டிவிட்டால் செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 தடவை மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இரண்டு மடங்காக்கினால் ஆட்டம் செக்கனுக்கு 2 தடவையாகும். சாதாரண வீட்டுக் கார்கள் செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை வரைக்குள் இருக்கும். வீதிக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள் அதற்குச் சற்று மேலே. இரண்டைத் தாண்டினால் உடம்பு குலுங்கத் தொடங்கும்.

ஸ்பிரிங்குக்குத் தானாக நிற்கத் தெரியாது. பள்ளத்தில் விழுந்த கார் அதோடு அடங்காமல் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷொக் அப்சோபர். அதற்குள் ஒயில் இருக்கிறது. பிஸ்ரன் நகரும்போது ஒயில் சிறு துளைகளாலும் வால்வுகளாலும் நெரிந்து போக வேண்டியிருக்கிறது. ஊசியில்லாத சிறிஞ்சில் தண்ணீர் ஏற்றி அழுத்திப் பாருங்கள்: மெதுவாகத் தள்ளினால் இலேசாகப் போகும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். ஷொக்கும் அப்படித்தான், அசைவின் வேகத்துக்கு ஏற்ப எதிர்த்து அந்தச் சக்தியைச் சூடாக மாற்றிவிடுகிறது. நீண்ட தூரம் கிரவல் வீதியில் ஓடிவந்த காரின் ஷொக்கைத் தொட்டால் கை சுடுவது அதனால்தான்.

இங்கே ஒரு முக்கியமான தொடர்பு இருக்கிறது. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இறுக்கினால், அதே அளவு அடக்கம் கிடைக்க ஷொக்கும் ஏறத்தாழ 1.4 மடங்கு பலமாக இருக்க வேண்டும். பழைய ஷொக்கின் மேல் புது இறுக்கமான ஸ்பிரிங்கை மட்டும் போடுபவர்கள் இந்தக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள். கார் இறுக்கமாகவும் இருக்கும், துள்ளவும் செய்யும். துள்ளும் நேரத்தில் ரயர் வீதியை விட்டு எழும்புகிறது. எழும்பிய ரயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

மூன்றாவது, கைகள். கராஜில் லோவர் ஆம், அப்பர் ஆம் என்பார்கள். சில்லு மேலே போகும்போதும் கீழே வரும்போதும் எந்தச் சாய்வில், எந்தத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. 1989இல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 அவ்வளவு பேர் வாங்கியதற்கு, நான்கு சில்லுக்கும் மேல் கை ஒன்று, கீழ் கை ஒன்று என்று இரட்டைக் கை அமைப்பு இருந்ததும் ஒரு காரணம். டொயோட்டா ஏஈ86 லெவின் போன்ற கார்களில் முன்பக்கம் மேல் கை கிடையாது. ஷொக்கே நிமிர்ந்து நின்று அந்த வேலையையும் செய்கிறது. இதை ஸ்ட்ரட் அமைப்பு என்பார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் காரை இறக்கும் பேச்சு வரும்போது அது உதவும்.

கைகள் உடலோடு சேரும் இடத்தில் புஷ், சில்லுப் பக்கம் சேரும் இடத்தில் பந்து போல எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டான போல் ஜொயின்ற்.

புஷ்: யாரும் பார்க்காத இடம்

புஷ் என்பது வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே இன்னொரு சிறிய இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய றப்பர். உள் குழாயை ஒரு போல்ற் காரின் உடலோடு நெரித்துப் பிடிக்கிறது. அது சுழலாது. கை மேலும் கீழும் அசையும்போது நடுவில் இருக்கும் றப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முறுகி முறுகி இருபத்தைந்து வருடம் போன றப்பர் எப்படி இருக்கும்?

காரை உயர்த்தி, ரோர்ச் வெளிச்சத்தில் லோவர் ஆமின் பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள். சேறு துடைத்ததும் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். ஒரு தட்டை நெம்பியை இடுக்கில் வைத்து மெதுவாக நெம்பினால் அந்த வெடிப்பு வாயைத் திறக்கும், உள்ளே காய்ந்த சாம்பல் நிறம். நல்ல புஷ் நெம்பும்போது சற்றுக் கொடுத்து உடனே பழைய இடத்துக்குத் திரும்பும். கெட்டது இரும்போடு இரும்பு முட்டும் வரை போகும், திரும்பாது. சிலவற்றில் உள் குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தொங்கியிருக்கும்.

அந்தச் சில மில்லிமீற்றர் தளர்வு வீதியில் பெரிதாகிவிடும். பிரேக்கை மிதிக்கும்போது சில்லு பின்னால் தள்ளப்படுகிறது. தளர்ந்த புஷ் அதை அனுமதித்தால் ரயரின் முகம் திரும்புகிறது. ஸ்டியரிங்கை நீங்கள் நேராகப் பிடித்தாலும் கார் ஒரு பக்கம் நகரும். தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக், சிஆர்-எக்ஸ் வைத்திருப்பவர்கள் பின்பக்க நீட்டுக் கையின் பெரிய புஷ்ஷைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது கிழிவது அந்தக் கார்களின் பரம்பரை நோய். கிழிந்தால் வளைவில் காரின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போலத் தோன்றும்.

மாற்றும்போது இரண்டு தெரிவு. ஒன்று, கம்பனி போட்டது போன்ற றப்பர். இன்னொன்று பொலியூரித்தேன், கடைகளில் 'பொலி புஷ்' என்று கேட்கலாம். பொலி நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், கையாலேயே பூட்டலாம். ஆனால் அது றப்பர் போல முறுகாது. உள்ளிருக்கும் இரும்புக் குழாயைச் சுற்றி அது வழுக்கிச் சுழல வேண்டும். அதற்குச் சிலிக்கன் கிறீஸ் வேண்டும், அது வற்றினால் வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கீச்சிடும். ஒரே அச்சில் மட்டும் சுழலும் கைகளுக்குப் பொலி பொருந்தும். மேலே சொன்ன ஹொண்டாவின் நீட்டுக் கை போலப் பல திசையிலும் கொடுக்க வேண்டிய இடத்தில் இறுக்கமான பொலி போட்டால் கை சிக்கிக்கொள்ளும். தினமும் வேலைக்கும் கடைக்கும் போகும் காருக்குப் புது றப்பர் புஷ்ஷே போதும் என்பேன். புது றப்பர் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

றப்பர் புஷ் பூட்டும்போது கராஜ்களில் அடிக்கடி தவறும் ஒரு விசயம் உண்டு. காரை ஜக்கில் தூக்கி வைத்து, கைகள் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ற்றுகளை முழுமையாக இறுக்கிவிடுவார்கள். உள் குழாய் அந்தத் தொங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். பிறகு காரைக் கீழே இறக்கியதும் றப்பர், கார் சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும். கார் வழமைக்கு மேல் உயரமாக நிற்கும், புதுப் புஷ் சில மாதத்தில் கிழியும், பழி புஷ்ஷின் தரத்தின் மேல் விழும். சரியான முறை இது: போல்ற்றுகளைக் கைப்பிடியாக மட்டும் பூட்டி, காரைச் சில்லின் மேல் இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, எடை முழுவதும் அமர்ந்த பிறகு கடைசி இறுக்கம். கிடங்குள்ள கராஜ் அல்லது நான்கு சில்லும் மேடையில் நிற்கும் லிஃப்ற் இருந்தால் இது இலகு. வேலை கொடுக்கும்போதே மெக்கானிக் பாஸிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கறள்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். அங்கே முற்றத்தில் நிறுத்தும் காரின் அடியில் உப்புக் காற்று நாள் முழுவதும் படுகிறது. தெற்கே திருக்கோவில், பொத்துவில் வரை கரையோரம் இதே கதைதான். ஆகவே இந்த வேலையில் மிகவும் நேரம் தின்பது புதுப் பாகம் பூட்டுவது அல்ல, பழையதைக் கழற்றுவது.

எம்எக்ஸ்-5 காரில் கைகளின் கீழ்ப் போல்ற்றுகள் சில மையம் விலகிய தட்டோடு வரும். அவற்றைத் திருப்பித்தான் சில்லின் சாய்வையும் திசையையும் அமைப்பார்கள். இவை புஷ்ஷின் உள் குழாயோடு கறளால் ஒட்டிக்கொள்ளும். நட் கழரும், போல்ற் வராது. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் தலை சுற்றும், ஆனால் கூர்ந்து பார்த்தால் புஷ்ஷின் றப்பரும் சேர்ந்து முறுகுவது தெரியும். விட்டதும் அது பழைய இடத்துக்கே வரும். இன்னும் பலம் கொடுத்தால் தலை ஒடியும். வேலைக்குச் சில நாள் முன்பிருந்தே கறள் இளக்கும் ஒயிலை மாலையில் ஒவ்வொரு தடவை அடித்து வையுங்கள். அதற்கும் இளகாவிட்டால் புஷ்ஷுக்கும் தாங்கிக்கும் இடையில் மெல்லிய தட்டுப் போட்ட கிரைண்டரால் இரு பக்கமும் போல்ற்றை வெட்டுவதே ஒழுங்கான வழி. எனவே வேலை தொடங்க முதல் புதுப் போல்ற் கையில் இருக்க வேண்டும். கழற்ற முதல் அந்த மையம் விலகிய தட்டு நின்ற இடத்தைப் பெயின்ற்றால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டும்போது போல்ற்றின் தண்டில் கறள் பிடிக்காத கிறீஸ் தடவினால், அடுத்த தடவை அந்தக் காரைத் திருத்துபவர் உங்களை வாழ்த்துவார்.

கார் அடியைக் கழுவுவதென்றால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பு. அந்தத் தண்ணீரை அடித்தால் உப்பை இன்னும் உள்ளே ஏற்றுகிறோம்.

தேய்ந்ததைக் கண்டறிவது

மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. ஒரு தடவை எழும்பி நின்றால் ஷொக் நல்லது, இரண்டு மூன்று தடவை ஆடினால் போச்சு என்பார்கள். ஆடினால் போனது உறுதி. ஆடாவிட்டால் நல்லது என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். கையால் அமுக்கும் வேகம் மிகக் குறைவு. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வெடிப்பைக் கடக்கும்போது ஷொக்குக்குள் நடப்பது வேறு. கறள் பிடித்துச் சிக்கிய ஷொக்கும் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும்.

நம்பத்தக்க அறிகுறிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஷொக்கின் உடல் ஒயிலில் நனைந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தால் சீல் போய்விட்டது. ரயரின் மேல் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தடவினால் மேடும் குழியுமாகப் பட்டால், ரயர் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் புஷ் தளர்ந்து சில்லின் கோணம் மாறியிருக்கலாம்.

சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளர்வு இருந்தால் போல் ஜொயின்ற் அல்லது பெயாரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரியும் தளர்வு ஸ்டியரிங் கம்பியின் முனைகளில். போல் ஜொயின்ற்றின் றப்பர் உறை கிழிந்திருந்தால் தளர்வு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். அதற்குள் மண்ணும் உப்பு நீரும் போயாயிற்று. கீழ்ப் போல் ஜொயின்ற் ஓட்டத்தில் விட்டுப்போனால் சில்லு உள்ளே மடங்கும். இது ஒன்றில் மட்டும் தவணை சொல்லக் கூடாது.

பிறகு காதால் கேட்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் காலையில் வாகனம் குறைந்த நேரம், ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மெதுவாக ஓட்டுங்கள். பாலத்தின் இணைப்புகளில் சில்லு ஏறும் ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஒரு முறை மட்டும் கேட்டால் அது ரயரின் சத்தம். 'டொக்-டக்' என்று பின்னால் இன்னொன்று ஒட்டி வந்தால் எங்கோ இரும்பு இரும்பில் முட்டுகிறது. இடது, வலது சில்லுகளை இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் சிறு இணைப்புக் கம்பிகளை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், செலவும் குறைவு.

எந்த ஷொக்?

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து கழற்றி வந்த பாகங்கள் கிடைக்கும். இரும்புக் கைகளை அங்கே வாங்கலாம். வளைவும் வெடிப்பும் இல்லாமல் பார்த்து எடுத்துப் புதுப் புஷ் போட்டால் புதிதுக்குச் சமம். ஷொக்கைக் கழற்றிய பாகமாக வாங்க வேண்டாம். உங்கள் காரிலிருப்பது எவ்வளவு பழசோ அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. சில இடங்களில் பழைய ஷொக்கைத் துளைத்து ஒயில் நிரப்பி வெல்டிங் வைத்துத் தருவார்கள். கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கும். ஆனால் உள்ளே தேய்ந்த வால்வும் சீலும் அப்படியே இருக்கின்றன, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. வளைவில் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி நடந்துகொள்ளும் கார் மழையில் ஆபத்தானது.

புது ஷொக்கில் இரண்டு வகை. இரட்டைக் குழாய் வகையில் வேலை நடப்பது உள் குழாயில். வெளிக் குழாய் ஒயிலைச் சேமிக்கிறது. ஒற்றைக் குழாய் வகையில் அமுக்கிய வாயு பின்னால் நிற்பதால் ஒயில் நுரைக்காது, சூடும் விரைவாக வெளியேறும். பில்ஸ்டைன் பேர் எடுத்தது இந்த வகையில். மலையில் வேகமாக ஓட்டுபவருக்கு ஒற்றைக் குழாய் நல்லது. ஆனால் அதில் வெளியே தெரியும் குழாயின் உட்சுவரிலேயே பிஸ்ரன் ஓடுகிறது. கிரவல் கல் ஒன்று பட்டுச் சுவர் நெளிந்தால் பிஸ்ரன் சிக்கும். இரட்டைக் குழாய் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். படுவான்கரைப் பக்கம், அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் ஓடிக் குழப்பிய வீதிகளில் அடிக்கடி போகிறவருக்குக் கேவைபீ போன்ற நல்ல இரட்டைக் குழாய் ஷொக்கையே சொல்வேன். காரோடு வந்த அளவை விடச் சற்றுப் பலமான வகையையும் அந்தக் கம்பனி செய்கிறது. கம்பனி ஸ்பிரிங்கோடு அதைப் பூட்டினால் இருக்கையின் சொகுசு பெரிதாகக் குறையாமல் கார் அடங்கி நிற்கும்.

உயரத்தையும் இறுக்கத்தையும் திருப்பி மாற்றக்கூடிய கொயில் ஓவர் செட் இளைஞர்களுக்கு ஆசை. டெயின் போன்ற நல்ல பெயருள்ளது என்றால் பரவாயில்லை. பெயர் தெரியாத மலிவுச் செட்டை விடக் கம்பனி ஸ்பிரிங்கும் நல்ல ஷொக்கும் எப்போதும் மேல். கொயில் ஓவரின் மரை உப்புக் காற்றில் கறள் பிடித்து இறுகிவிட்டால், மாற்றக்கூடிய உயரம் என்பது பேச்சுக்குத்தான்.

எதை வாங்கினாலும் முன் இரண்டும் சோடியாக, பின் இரண்டும் சோடியாக மாற்றுங்கள். மேலே உடலோடு சேரும் றப்பர் தாங்கியும், ஷொக்கின் தண்டில் கோர்த்திருக்கும் பம்ப் ஸ்டொப்பும் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். பழைய பம்ப் ஸ்டொப்பைத் தொட்டால் பெரும்பாலும் கையிலேயே தூளாக உதிரும். அது இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ஷொக் அடிமுட்டி, புது வாங்கின காசு வீண்.

ஸ்பிரிங் அமுக்கிய நிலையில் இருக்கும்போது ஷொக்கின் உச்சியிலுள்ள நடு நட்டைக் கழற்றினால் உயிர் போகும் அளவுக்கு அது வெடித்து வரும். உரிய அமுக்கி இல்லாமல், கயிறும் கம்பியும் கட்டி யாரும் அதைத் தொட வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவும் வேண்டாம், தாங்கிகள் வையுங்கள்.

இறக்குவது பற்றி

ஸ்பிரிங்கை வெட்டினால் கார் இறங்கும்தான். ஆறு வேலைச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் இறுக்கமாகிறது, அதோடு நீளமும் குறைகிறது. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமராது. சில்லு முழுமையாகத் தொங்கும் வேளையில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

அளவாகச் செய்த குட்டை ஸ்பிரிங் வாங்கினாலும் விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும். சில்லு மேலே போக இருந்த இடம் குறைகிறது. நாற்பது மில்லிமீற்றர் இறக்கினால் அந்த நாற்பதும் பள்ளத்தை விழுங்க இருந்த இடத்திலிருந்துதான் போகிறது. ஸ்ட்ரட் அமைப்புள்ள கார்களில் இன்னொன்றும் நடக்கும். கீழ்க் கை கிடையாக நின்ற நிலையிலிருந்து சில்லுப் பக்கம் மேல் நோக்கிச் சரியும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, கார் இறங்கிய அளவை விட அதிகமாகக் கீழே போகிறது. இறங்கிய கார் குறைவாகச் சாயும் என்று நினைத்துச் செய்தால், சாய்க்கும் நெம்பு நீளமாகி, ஸ்பிரிங் கூடுதலாகப் போராட வேண்டியதாகிறது. ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால் பள்ளத்தில் சில்லு தானாகத் திரும்பும். மேல் கை, கீழ் கை இரண்டும் உள்ள கார்கள் இதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு.

நம் வீதிகளை நினைத்துப் பாருங்கள். பிரதான வீதி நல்லது. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு வரும் ஏ4இலும், செங்கலடியிலிருந்து பதுளை போகும் ஏ5இலும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சந்தோசமாக ஓட்டலாம், பிபிலை தாண்டி மலை ஏறும் வளைவுகள் அதற்கென்றே போட்டது போல இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீற்றர் மணல் ஒழுங்கை. பாடசாலைக்கு முன்னால் வேகத்தடை. மார்கழி மழையில் குழி எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. இங்கே வாழும் கார் கம்பனி உயரத்திலேயே இருக்கட்டும். மிஞ்சினால் 15 மில்லிமீற்றர் வரை சொல்வேன், அதுவும் நல்ல ஷொக் போட்ட பிறகு.

ஸ்டெபிலைசர் பாரைத் தடிப்பாக்குவது சாய்வைக் குறைக்க எளிய வழி. விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி இறுக்கம் கூடுவதால் 19 மில்லிமீற்றர் பாருக்குப் பதில் 21 போட்டாலே ஒன்றரை மடங்காகும். பின்பக்கம் மட்டும் தடித்தது போட்டால் ஈர வீதியில் பின்சில்லு வழுக்க இலகுவாகும். அனுபவமில்லாதவர் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

ஒழுங்கும் கடைசி வேலையும்

காசு ஒரே தடவையில் கிடைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரயரில் தொடங்குங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் றப்பர் காய்ந்திருந்தால் மற்ற எந்தச் செலவும் வீதிக்குப் போய்ச் சேராது. அடுத்து போல் ஜொயின்ற்றும் ஸ்டியரிங் முனைகளும், பிறகு புஷ்கள், பிறகு ஷொக். புஷ் மாற்றும்போது எப்படியும் கைகளைக் கழற்றுவதால், முடிந்தால் ஷொக்கையும் அதே நாளில் பூட்டுங்கள், கூலி மிச்சம்.

இவற்றில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் வீல் அலைன்மென்ற், அதாவது சில்லுகளின் சாய்வும் திசையும், மாறியிருக்கும். கராஜில் கண்ணால் பார்த்து நேராக்கியது போதாது. முன் சில்லின் திசையை மட்டும் பார்த்து அனுப்பும் கடைகள் உண்டு. உங்கள் காரின் பின்பக்கமும் அமைக்கக்கூடியது என்றால் நான்கு சில்லையும் கேளுங்கள், கம்பனி கொடுத்த அளவைக் கையோடு கொண்டுபோங்கள், முடிந்ததும் அச்சிட்ட தாளை வாங்கி வையுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஏறத்தாழ 950 கிலோ. அதில் 75 கிலோ மனிதர் ஒருவர் ஏறினால் எடை எட்டுச் சதவீதம் கூடுகிறது, அதுவும் ஒரே பக்கத்தில். அப்படி இலேசான காருக்கு அலைன்மென்ற் பார்க்கும்போது நீங்களே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பது நல்லது.

வேலைக்கு முன் ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். முடிந்த அன்றும், முந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகும் திரும்ப அளந்து பாருங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் சில மில்லிமீற்றர் இறங்கியிருக்கும், அது வழமை. ஒரு மூலை மட்டும் மற்றதை விட இறங்கியோ உயர்ந்தோ நின்றால் புஷ் முறுகிய நிலையில் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காரைச் சில்லின் மேல் நிறுத்தி அந்தப் போல்ற்றைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் சரியாகும். அதே நாளில் எல்லாப் போல்ற்றையும் டோர்க் ரெஞ்ச்சால் ஒரு தடவை சோதித்து, அலைன்மென்ற்றையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.